காற்றைக் குறைக்கும் செடி

வேரைக் கழுவும்போது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். மண் சீக்கிரம் போய்விடும், ஆனால் வேரில் இருக்கும் முடிச்சுகளும் கூடவே உதிர்ந்துவிடும். செடியை மண்கட்டியோடு வாளியில் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட வேண்டும். மண் கழன்று அடியில் உட்கார்ந்த பிறகு, குழந்தைக்குத் தலை அலசுகிற மாதிரி விரலால் அலச வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு. எதையும் நான் அவசரப்பட்டுச் செய்தவன் இல்லை.

நேற்று நீங்கள், "கோபத்துல செஞ்சிட்டீங்களா பெரியவரே?" என்று கேட்டீர்கள். அதனால்தான் ஐயா, இதை முதலில் எழுதுகிறேன். கோபம் எதுவும் இல்லை. வாயால் சொன்னால் நீங்கள் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகிறது. காகிதம் கொடுத்தது நல்லதாயிற்று.

நான் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தோட்ட ஆள் என்றுதான் பெயர். ஆனால் அங்கே எல்லாரும் என்னை வேர்க்காரர் என்றே கூப்பிடுவார்கள். மேடம் ஒருவர் இருக்கிறார். யாரும் விதைக்காத, யாரும் உரம் போடாத காட்டுச் செடிகளைத்தான் அவர் ஆராய்கிறார். பயறு இனம், அவரை இனம், தொட்டாற்சுருங்கி மாதிரியானவை. ரயில் பாதை ஓரம், குப்பைமேடு, கல்லுடைத்த பள்ளம் என்று எங்கே மண் மோசமாக இருக்கிறதோ அங்கே எங்களைக் கூட்டிப்போவார். ஜீப் ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும், "ஊர்ல வேற நல்ல இடமே இல்லையா மேடம்?" என்று முனகுவார். நான் தோண்டி எடுப்பேன். கொண்டுவந்து அலசி, முடிச்சுகளைக் காம்போடு நறுக்கித் தட்டில் வைப்பேன். அதற்குமேல் மேடம் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் தோண்டிய இடத்திலேயே மேடம் ஒரு முடிச்சை எடுத்து பிளேடால் இரண்டாக வகிர்ந்து காட்டினார். மிளகு அளவுதான் இருக்கும். உள்ளே சிவப்பு.

"செடிக்கு ரத்தமா மேடம்?" என்றேன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ள பாக்டீரியா குடியிருக்கு. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு உரமாக்கிச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும். சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"வாடகையும் சாப்பாடும் ஒழுங்காப் போகுதுன்னு சொல்லுங்க" என்றார் ஜீப்காரர்.

மேடம் இன்னொன்றை வகிர்ந்தார். அது உள்ளே வெள்ளையாக இருந்தது.

"இது ஒண்ணும் குடுக்கல போல" என்றார்.

"சும்மா உக்காந்து சாப்பிடுதா?"

"அப்படியும் உண்டு. சில வகை உள்ள வந்து உக்காந்துக்கும். சாப்பிடும். ஒண்ணும் குடுக்காது."

"அதைச் செடி என்ன பண்ணும்? விரட்டிடுமா?"

"எங்க விரட்டுறது, வேருக்குள்ளயே இருக்கே. அந்த முடிச்சுக்குப் போற காத்தைக் குறைச்சிடும்."

"செத்துடுமா மேடம்?"

"பட்டுனு இல்ல. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கும். அதுவா ஓய்ஞ்சிரும்."

"இந்த வைத்தியம் என் மச்சானுக்கும் பண்ணணும்" என்றார் ஜீப்காரர். மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வார்த்தைதான் எனக்குள் நின்றது. அதுவா. யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக. செடிக்குக் கையா இருக்கிறது, கழுத்தைப் பிடிக்க? தன் வீட்டுக்குள் வந்துபோகும் காற்றைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. அதைக் கொலை என்று யாரும் சொல்வதில்லை. மேடம் அவ்வளவு படித்தவர், அவரே ஓய்ஞ்சிரும் என்றுதான் சொன்னார்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா போனபோது அவன் என் தோளில் தூங்குகிற வயது. நான்தான் வளர்த்தேன். கல் அரைக்கிற ஆலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அந்தத் தூள் நுரையீரலில் படிந்து படிந்து, நாற்பது வயதிலேயே நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுகிறவனாக ஆகிவிட்டான். அவன் மனைவி கொஞ்ச காலம் பார்த்தாள், பிறகு தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவனை நான் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். என் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் நானும் மகளும்தான்.

தம்பியோடு இயந்திரமும் வந்தது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, அதில் மூச்சுக்கு வேண்டியதை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற இயந்திரம். யாரோ பயன்படுத்தியதை வாங்கினோம். ராப்பகலாக முனகிக்கொண்டே இருக்கும். தம்பி அதைத் தன் இரண்டாவது பெண்டாட்டி என்பான். "நாள் முழுக்கப் புலம்புறா. ஆனா முதல் ஆளு மாதிரி விட்டுட்டுப் போகல பாரு" என்பான். என் மகள் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த இயந்திரம் வைத்த இடத்தில் முன்பு ஒரு மேஜை இருந்தது. நிலையத்தில் செடித் தொட்டிகளில் ஒட்டும் பெயர்ச் சீட்டை நானே எழுத வேண்டிவந்தபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள் சாயங்காலங்களில் அந்த மேஜையில் வைத்துத்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். "சுழியை எண்ணுங்கப்பா. ரெண்டு சுழியா மூணு சுழியா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். மேஜையை எடுத்துக் கொல்லைப் பக்கம் போட்டோம். மழையில் நனைந்து பலகை பிளந்துவிட்டது. இடம் வேண்டும் என்றால் எதையாவது எடுக்கத்தானே வேண்டும்.

நான் வேலை முடிந்து வருகிற நேரத்தில் தெருமுனையிலேயே அவர்கள் சிரிப்பு கேட்கும். இரண்டு பேரும் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

"என்னம்மா சிரிப்பு?"

"சும்மாப்பா."

"உனக்குக் காப்பி போட்டு மூடி வெச்சிருக்கா அண்ணே" என்பான் தம்பி. என் வீட்டில் எனக்கு வைத்த காப்பியை அவன் எனக்குச் சொல்லுவான். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மகள் ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்திருந்தாள். தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தங்க இடமும் அவர்களே தருவதாகச் சொன்னார்கள். அவள் போகவில்லை.

"ஏம்மா?" என்றேன்.

"இப்ப எப்படிப்பா விட்டுட்டுப் போறது."

யாரை என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. கேட்க என்ன இருக்கிறது? கட்டிலில் ஒருவன் படுத்திருக்கிறான், அவன் மூக்கில் குழாய் இருக்கிறது, அந்தக் குழாயின் மறுமுனையில் என் பெண்ணின் வயது கரைந்துகொண்டிருக்கிறது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி அது. அதன் இலை மஞ்சளாகிறது என்றால் வேரைத்தான் பார்க்க வேண்டும். மகளுக்காகத்தான் செய்தேன் ஐயா. இதற்குக் கீழே நீங்கள் கோடு போட்டுக்கொள்ளலாம்.

இனி எப்படி என்பது. இயந்திரத்தின் முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் உண்டு. உள்ளே ஒரு குண்டுமணி அளவு உருண்டை மிதக்கும். குமிழைத் திருகினால் உருண்டை ஏறும், இறங்கும். எவ்வளவு காற்று போகிறது என்பதற்கு அதுதான் அளவு. பழைய இயந்திரம் என்பதால் கண்ணாடியில் இருந்த கோடும் எண்ணும் துடைத்துத் துடைத்து அழிந்துபோயிருந்தன. டாக்டர் சொன்ன அளவை வைத்துக்கொடுத்த மெக்கானிக், "இதைக் குறிச்சு வெச்சுக்குங்க" என்றார். தொட்டிகளில் தண்ணீர் மட்டத்துக்கு நாங்கள் சிவப்பு டேப் ஒட்டுவது வழக்கம். அதில் ஒரு கீற்று வெட்டி நான்தான் ஒட்டினேன். தினமும் காலையில் மகள் இயந்திரத்தை நிறுத்தி, வடிகட்டியில் இருக்கும் தூசியைத் தட்டி, மறுபடி போட்டு, உருண்டை டேப்புக்கு நேராக வருகிற மாதிரி குமிழைத் திருகி வைப்பாள். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். அவ்வளவு கவனம்.

நான் டேப்பைக் கொஞ்சம் இறக்கினேன். அவ்வளவுதான். ஒரு மயிரிழை. விடுமுறை நாளில் அவள் கடைக்குப் போயிருக்கும்போது பழையதை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டுவேன். அடுத்த விடுமுறையில் இன்னும் ஒரு மயிரிழை. குமிழை நான் தொடவே இல்லை. அதை அவள்தான் திருகினாள், தினமும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

ரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று விரலில் மாட்டிப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றும் வீட்டில் இருந்தது. அது முன்பே பழுதாகிவிட்டது. அதை நான் பழுதாக்கவில்லை. புதிது வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்காமல் இருந்தேன்.

தம்பி முதலில் பேச்சைக் குறைத்தான். பிறகு குறுக்கெழுத்தில் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டான். மகள் ஒரு நாள் அவன் முகத்தருகே குனிந்து, "சித்தப்பா, உதடு ஏன் நீலமா இருக்கு?" என்றாள்.

"பேனாவைக் கடிச்சிட்டேன். பதினேழாவது கட்டம் வரவே மாட்டேங்குது."

"விளையாடாதீங்க. மெக்கானிக்கைக் கூப்பிடவா?"

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. பழசானது நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். "உருண்டை டேப்புக்கு நேராத்தானே இருக்கு" என்றேன். அவளும் குனிந்து பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

அதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். ஒரு விடுமுறை நாளில் நான் டேப்பை உரித்துக்கொண்டிருந்தபோது, தூங்குகிறான் என்று நான் நினைத்திருந்த தம்பி, "அண்ணே" என்றான்.

"என்னடா?"

"அந்தக் கண்ணாடியில எண்ணு ஏதாவது தெரியுதா?"

"இல்லடா. எல்லாம் அழிஞ்சு போச்சு."

"ம்." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தான். "நீ ஒட்டுனா சரியாத்தான் இருக்கும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்குச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நாள் முழுக்கப் பக்கத்திலேயேதானே இருந்தாள்.

கடைசி நாள் ஒரு மத்தியானம். மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் சோறு பிசைந்து எடுத்துப் போனேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தான். கட்டிலில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அவனுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது இப்படித்தான் தடவுவேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது.

"அண்ணே, டேப்பைப் பழைய இடத்துல ஒட்டிடு" என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நிறைய நேரம் ஆயிற்று. "பாப்பா பாத்துடப் போறா."

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த நிலையிலும் அவனுக்கு எண்ணம். என்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள். "சரிடா" என்றேன். டேப்பைத்தான் ஒட்டச் சொன்னான், குமிழைத் திருகச் சொல்லவில்லை. நான் தடவிக்கொண்டே இருந்தேன். முதுகு ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை.

அப்புறம் டேப்பை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினேன். உருண்டை கீழே இருந்தது. குமிழைத் திருகி அதை மேலே ஏற்றினேன். அந்தக் குமிழை நான் தொட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் கூட்டுவதற்காக.

யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததுதான் என்றார். பக்கத்து வீட்டம்மா, "கஷ்டப்படாம அதுவா அடங்கிருச்சு" என்றார். எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒன்று நடந்தது. வழக்கம்போல வேர் அலசிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன முடிச்சை வகிர்ந்து பார்த்தேன். வெள்ளை. செடியோடு தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். மேடம் பார்த்துவிட்டார்.

"அதை ஏன் போட்டீங்க?"

"வெள்ளை மேடம். ஒண்ணும் குடுக்காது."

"அது இளசு. ஆரம்பத்துல எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கும். விட்டா சிவந்திருக்கும்."

"அப்ப, குடுக்குதா சும்மா இருக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வெட்டினா அப்ப இருக்கிற நிறம்தான் தெரியும். பொறுத்துப் பார்க்கணும், வேற வழியில்ல."

அன்றைக்கே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. நான் கூடையிலிருந்து அந்தச் செடியை எடுத்து வாளியில் போட்டேன். அது வாடிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மருத்துவமனையில் இன்னும் இடம் இருக்கிறதாம். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அவள் அழுதுகொண்டே அடுக்கினாள்.

"சித்தப்பா அப்பவே சொல்லிட்டாருப்பா, நீ கெளம்பு, அண்ணனை நான் பாத்துக்கறேன்னு. நான்தான் உங்களை எப்படித் தனியா விட்டுட்டுப் போறதுன்னு இழுத்துக்கிட்டே இருந்தேன்."

"என்னையா?"

"பின்ன யாரை? சாப்பிட்டீங்களான்னு கேக்கலைன்னா சாப்பிட மாட்டீங்க. தினமும் அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். நான் போறேன்னு சொன்னா நீங்க எப்படி மூஞ்சியை வெச்சுக்குவீங்கன்னு சித்தப்பா நடிச்சுக் காட்டுவாரு. எனக்குச் சிரிப்புத் தாங்காது. நீங்க வந்தா நிறுத்திடுவோம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் சொல்லிடலாம்னு இருந்தோம். அதுக்குள்ள அவரு..."

"என்னை விட்டுட்டுப் போக மனசில்லைன்னா நீ போக வேண்டாமேம்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் இயந்திரத்தை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிடலாம் என்று அவள் ஈரத்துணியால் துடைத்தாள். டேப்பை உரித்தாள். அதற்குக் கீழே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பசை இருந்த இடமெல்லாம் தூசி ஒட்டிக் கோடு கோடாகத் தெரிந்தது. உரித்த இடத்தை நான் துடைத்திருக்க வேண்டும். தொட்டியில் ஒட்டும்போது நாங்கள் துடைப்பதில்லை, அந்தப் பழக்கம்.

"அப்பா, இது என்ன படிப்படியா?"

"பழைய பசைம்மா."

அவள் விரலை மேல் கோட்டில் வைத்தாள். ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கினாள். கடைசிக் கோட்டில் விரல் நின்றது. பிறகு அந்த விரலை எடுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். அவளுக்கு மூளை அதிகம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"காலையில குமிழைத் திருகினது நான்தானே?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். உண்மைதானே.

அன்றைக்கே கிளம்பிவிட்டாள். நான் பெட்டியைத் தூக்க வந்தேன், கையை எடுங்கள் என்கிற மாதிரி பார்த்தாள், எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து நின்றுவிடும். வீட்டில் இயந்திரச் சத்தமும் இல்லை. காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. காப்பியை நானே போட்டு, ஆறிய பிறகு நானே கொட்டுகிறேன்.

ஜீப்காரரிடம், "பொண்ணு கோவிச்சுக்கிட்டு போனை எடுக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னேன். "அட, இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்க? வேற யாரு போன்லயாவது பேசு" என்றார். நல்ல யோசனையாக இருந்தது. அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் தம்பியைக் கொன்றது நான்தான். அப்படித்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை, திருகியது அவள் கை என்றாலும்.

உங்கள் மேஜைப் போனிலிருந்து நீங்கள் அவளைக் கூப்பிட்டபோது இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் குரல் எனக்கும் கேட்டது. கொஞ்சம் இளைத்த குரல். நாளைக்கு வருகிறேன் என்றாள். இந்தக் காகிதத்தை அவளிடம் கொடுக்க வேண்டாம் ஐயா, நானே வாயால் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நாற்காலி போட்டால் போதும். இந்த அறையில் காற்று கொஞ்சம் குறைவாக இருக்கிறது, எனக்கும் பேசினால் மூச்சு வாங்குகிறது. அது ஒன்றும் பாதகமில்லை. என் பெண் நல்லவள். பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினால், அவர் முடிக்கிற வரைக்கும் எழுந்து போக மாட்டாள்.